தனி இணையதளத்தில் உங்களைப் பற்றி அசிங்கமோ மிரட்டலோ வந்தால்: ஹோஸ்டிங் நிறுவனத்திடம் புகார் கொடுக்கும் முழுமையான வழிகாட்டி

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒருவர் உங்களைப் பற்றி அசிங்கமாக எழுதினால், அந்தப் பதிவின் மூலையிலேயே புகார் பொத்தான் இருக்கும். யாரோ ஒரு தனி இணையதளம் தொடங்கி, அதில் உங்கள் படத்தையும் கைபேசி எண்ணையும் வீட்டு விலாசத்தையும் போட்டுவிட்டால் அங்கே எந்தப் பொத்தானும் இருக்காது. யாரிடம் சொல்வது என்றே தெரியாது. நாகர்கோவிலில் இணையதளம் வடிவமைக்கும் வேலையில் இருப்பதால், இந்த மாதிரி சிக்கலில் மாட்டியவர்கள் என்னிடம் வருவதுண்டு. பெரும்பாலும் பெண்கள், அல்லது அவர்களுடைய அண்ணன் தம்பிகள். வரும்போதே, "இதை ஹேக் பண்ணி அழிக்க முடியுமா அண்ணே?" என்றுதான் கேட்பார்கள். முடியாது, கூடாது. அடுத்தவர் கணினியில் அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உங்கள் மேலேயே வழக்காகும். ஆனால் அந்தத் தளம் இருக்கும் சர்வரை, அதாவது தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் கணினியை, வாடகைக்கு விட்ட ஹோஸ்டிங் நிறுவனத்திடம் முறையாகச் சொன்னால், அந்த நிறுவனமே அதை நீக்க வாய்ப்பு உண்டு. அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை, ஆளும் தேவையில்லை. யாரிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும்.

சில விஷயங்களில் ஹோஸ்டிங் புகார் இரண்டாவதுதான்

பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் முடக்குவதற்கான எண் அது. யாராவது வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார்கள், அல்லது வரப்போவதாகச் சொல்கிறார்கள் என்றால் 112.

குழந்தைகளின் ஆபாசப் படம் என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், சேமிக்காதீர்கள், "பாருங்கள், என்ன கொடுமை" என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் வைத்திருப்பதே குற்றமாகிவிடும். லிங்கை மட்டும் குறித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், அதாவது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-ல் கொடுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தை யாரென்று தெரிந்தால் 1098-க்கும் சொல்லுங்கள்.

யார் கையில் என்ன இருக்கிறது

ஒரு இணையதளத்துக்குப் பின்னால் மூன்று வகை நிறுவனங்கள் இருக்கலாம். செட்டிகுளம் சந்திப்பில் ஒருவர் கடை வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஹோஸ்டிங் நிறுவனம். பக்கங்களும் படங்களும் உண்மையில் கிடப்பது அவருடைய சர்வரில். கடையின் பெயர்ப்பலகையை, அதாவது டொமைன் எனப்படும் தள முகவரிப் பெயரைப் பதிந்து கொடுத்தவர் டொமைன் பதிவாளர் (ரிஜிஸ்ட்ரார்). அவர் நினைத்தால் பெயரை முடக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் சரக்கை எடுக்க முடியாது. வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்பும் இடைத்தரகர் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் முகம் மட்டும்தான் தெரியும்.

ஒரே நிறுவனம் ஹோஸ்டிங்கும் டொமைனும் சேர்த்து விற்பதும் உண்டு. கோடாடி, நேம்சீப், ஹோஸ்டிங்கர், பிக்ராக் எல்லாம் அப்படித்தான். அதனால்தான் குழப்பம் வருகிறது. டொமைன் மட்டும் விற்றவரிடம் போய்ப் படத்தை எடுங்கள் என்று கேட்டால், "எங்கள் சர்வரில் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அவர் சொல்வது சரிதான். ஆனால் பாதிக்கப்பட்டவர் அதை மறுப்பு என்று நினைத்து அத்தோடு விட்டுவிடுகிறார். இதைத் தடுக்கத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: ஆதாரத்தை எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

புகார் போன மறுநாளே பக்கம் காணாமல் போகலாம். நல்லதுதான், ஆனால் போலீசுக்குக் காட்ட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. அதனால் யாரையும் எச்சரிக்கும் முன், குறிப்பாக அந்த ஆளிடம் சண்டைக்குப் போகும் முன், இதைச் செய்யுங்கள்.

கைபேசியில் அல்ல, முடிந்தால் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முகவரிப் பட்டையில் இருக்கும் லிங்க் முழுவதும் தெரிய வேண்டும். தளத்தின் முகப்பு முகவரி போதாது, அந்தக் குறிப்பிட்ட பக்கத்தின் முகவரி வேண்டும். படத்தின் மேல் வலது கிளிக் செய்து படத்தின் தனி முகவரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை நீக்கிவிட்டு படக் கோப்பை சர்வரிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். பழைய லிங்க் வைத்திருப்பவர்களுக்கு அது திறந்துகொண்டே இருக்கும்.

முழுப் பக்கத்தையும் பிடிஎஃப்-ஆகச் சேமியுங்கள். அப்புறம் திரையைப் பதிவு செய்தபடியே தளத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வரை போய், மேலிருந்து கீழ் வரை மெதுவாக உருட்டிக் காட்டுங்கள். தேதி, நேரம் திரையில் தெரியட்டும். குறிப்பில் இந்திய நேரம் என்று எழுதுங்கள். வெளிநாட்டு நிறுவனம் உலகப் பொது நேரத்தில் பார்க்கும், நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம்.

எடுத்த கோப்புகளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது படத்தைச் சுருக்கும், கோப்போடு இருக்கும் விவரங்களும் போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். மூலக் கோப்பு எடுத்த கருவியிலேயே இருக்கட்டும், அந்தக் கருவியை விற்கவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் கேட்கிறது. ஒரு பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும், இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் கொடுக்க வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் வரும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்-எழுத்துச் சரம் அது. விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளை அதைக் கணக்கிட்டுத் தரும். இன்றே எடுத்துக் குறித்து வைத்தால் நாளை "இது திருத்திய படம்" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது உதவும்.

வேபேக் மெஷின் போன்ற காப்பகங்களில் பக்கத்தைச் சேமிப்பது பொதுவாக நல்ல யோசனை. அந்தரங்கப் படம், வீட்டு விலாசம், கைபேசி எண் இருக்கும் பக்கத்தை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். அழிக்கப் போராடும் ஒன்றுக்கு நாமே இன்னொரு பிரதி உண்டாக்கியது போல் ஆகிவிடும்.

படி 2: தளம் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

முதலில் முகவரியின் வாலைப் பாருங்கள். பிளாக்ஸ்பாட் டாட் காம் என்று முடிந்தால் ஹோஸ்ட் கூகுள். வேர்ட்பிரஸ் டாட் காம் என்று முடிந்தால் ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்பது யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் சர்வரில் போட்டுக்கொள்ளக்கூடிய மென்பொருளும்கூட. தளத்தின் அடியில் வேர்ட்பிரஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து அந்த நிறுவனத்துக்கு எழுதினால் பயனில்லை.

சொந்த டொமைன் என்றால், ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்துக்குப் போய் (லுக்அப் டாட் ஐகேன் டாட் ஓஆர்ஜி) டொமைன் பெயரைக் கொடுங்கள். ஐகேன் என்பது உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு. உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு அது வழக்கமாகிவிட்டது. அதற்காக மனம் தளர வேண்டாம், உங்களுக்குத் தேவையானவை அங்கேயே இருக்கின்றன: பதிவாளரின் பெயர், முறைகேடு பற்றிப் புகார் செய்யும் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும், பதிவு செய்த தேதி, நேம்சர்வர்கள் (டொமைன் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டுபவை). டாட் இன் என்று முடியும் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி, அவற்றுக்கு அதன் தேடல் பக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்தச் சர்வருக்கு உள்ள எண் விலாசம். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் என்எஸ்லுக்அப் என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு டொமைன் பெயரைக் கொடுத்தால் எண் வரும். அந்த எண்ணை ஏதாவது ஒரு ஐபி ஹூஇஸ் தேடலில் போட்டால் அது எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரியும். ஆசிய பசிபிக் பகுதி எண்களுக்கு ஏப்னிக், வட அமெரிக்காவுக்கு ஆரின், ஐரோப்பாவுக்கு ரைப் என்று பதிவகங்கள் பிரிந்திருக்கின்றன. எதில் தேடினாலும் சரியான இடத்துக்கு வழிகாட்டும். வரும் விவரத்தில் அப்யூஸ் (முறைகேடு) என்ற ஆங்கிலச் சொல் இருக்கும் வரிகளைத் தேடுங்கள். அங்கே இருக்கும் மின்னஞ்சல்தான் புகார் போக வேண்டிய இடம். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் அப்யூஸ் என்ற சொல்லில் தொடங்கி அந்த நிறுவனத்தின் டொமைனில் முடியும் முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். இந்தப் பெயரில் ஒரு பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று 1997-லேயே இணைய வழக்கமாக வகுத்திருக்கிறார்கள்.

தேடலில் கிளவுட்ஃப்ளேர் என்று வந்தால் அங்கே நின்றுவிடாதீர்கள். உண்மையான ஹோஸ்ட் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கிளவுட்ஃப்ளேரின் முறைகேடு புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். பெரும்பாலான வகைப் புகார்களில் அவர்கள் அதை உண்மையான ஹோஸ்டுக்கு அனுப்பி, அந்த ஹோஸ்ட் யாரென்று உங்களுக்கும் தெரிவிப்பார்கள். அந்தப் பதில் வந்ததும் ஹோஸ்டுக்கு நீங்களே நேராகவும் எழுதுங்கள்.

பெயரைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

இது யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம், எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்பும் புகார், அப்படியே தளத்தை நடத்துகிறவருக்குப் போகக்கூடும். பல நிறுவனங்கள் அதை வாடிக்கையாளருக்கு அனுப்பி "விளக்கம் கொடு" என்று கேட்பதைத்தான் முதல் நடவடிக்கையாகச் செய்கின்றன. உங்களைப் பின்தொடர்ந்து தொல்லை செய்பவன் கையில் உங்கள் புதிய மின்னஞ்சலும் எண்ணும் கிடைத்துவிடும்.

அதனால் புகாருக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். படிவத்தில் "தள உரிமையாளருக்கு என் பெயரைத் தெரிவிக்கலாம்" என்ற வகைக் கட்டம் இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். கடிதத்திலும் "என் விவரங்களை உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டாம், எனக்கு உடல் ரீதியான ஆபத்து உள்ளது" என்று எழுதுங்கள். நம்பிக்கையான ஒருவர் உங்கள் சார்பில் புகார் கொடுக்கவும் செய்யலாம்.

படம் நீங்களே எடுத்தது என்றால் பதிப்புரிமை அடிப்படையில் நீக்கக் கேட்கும் வழி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டப்படியான அறிவிப்பு அது. அமெரிக்க ஹோஸ்டுகள் இதற்கு வேகமாக அசையும். ஆனால் அதில் உண்மையான பெயரும் தொடர்பு விவரமும் கொடுத்தாக வேண்டும், எதிர்த்தரப்புக்கும் அது போகும். வேறொருவர் எடுத்த படத்தை உங்களுடையது என்று சொல்லவும் கூடாது. போலித் தளம் உங்கள் கடையின் படங்களைத் திருடியிருந்தால் இது நல்ல வழி. தொல்லைக்கு ஆளாகும் பெண்ணுக்கு இதை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன்.

படி 3: புகாரை எழுதுவது

உங்கள் கடிதத்தைப் படிப்பவர் வேறொரு நாட்டில், ஒரு நாளில் குவியலாக வரும் டிக்கெட்டுகளுக்கு (எண் கொடுத்துப் பதிந்த புகார்களுக்கு) நடுவே உட்கார்ந்திருப்பவர். தமிழ் தெரியாது. குமரி மாவட்டம் எங்கே என்று தெரியாது. அவர் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், அதில் என்ன பார்க்க வேண்டும், அது தங்கள் நிறுவனத்தின் எந்த விதியை மீறுகிறது என்ற மூன்றும் முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிட வேண்டும். எவ்வளவு அழுதீர்கள், ஊரில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உண்மை, ஆனால் அதற்கான இடம் போலீஸ் மனு.

பக்கம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு உங்கள் பொறுப்பு. அவர்கள் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்ப்பார்கள், அதில் வசவு பலநேரம் சாதாரண வாக்கியமாகிவிடும். நம் பக்கத்தில் இன்னும் ஒரு தொல்லை. எழுதுகிறவன் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பான், களியக்காவிளைப் பக்கம் என்றால் நடுநடுவே மலையாளமும் கலந்திருக்கும். எந்தக் கருவியும் அதைச் சரியாகப் படிக்காது. ஒவ்வொரு வரியையும் அது இருக்கிறபடி எழுதி, கீழே நேர்ப் பொருளையும், அதற்குக் கீழே இந்த ஊரில் அது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் எழுதுங்கள். "உன் தம்பி எத்தனை மணிக்குப் பஸ் ஏறுவான்னு தெரியும்" என்பது மேலோட்டமாகத் தகவல். குடும்பத்தினரைக் கண்காணித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லும் மிரட்டல் என்று நீங்கள் விளக்கினால்தான் அவருக்குப் புரியும்.

சாதியைச் சொல்லி வரும் வசவும் அப்படியே. அது ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் சொல் என்று ஒரு வரி எழுதுங்கள். பல நிறுவனங்களின் விதிகள் வெறுப்புப் பேச்சைத் தடை செய்கின்றன, ஆனால் அந்தச் சொல் வெறுப்புச் சொல் என்பது அவர்களுக்குத் தெரியாது. விலாசமும் அவ்வாறே. "சர்ச்சுக்குப் பின்னால் மூணாவது வீடு" என்று போட்டிருந்தால் தெரு எண் இல்லாததால் அதை விலாசம் என்றே கருதமாட்டார்கள். கடற்கரை ஊரில் அந்த ஒரு வரி போதும், யாரும் நேராக வந்து கதவைத் தட்டிவிடலாம் என்று எழுதுங்கள்.

அடுத்து, அந்த நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகள் பக்கத்தைத் திறந்து, பொருந்தும் வரியை அப்படியே எடுத்துக்காட்டுங்கள். வெளிநாட்டு ஹோஸ்டிடம் நம் நாட்டுச் சட்டத்தைவிட அவர்களே எழுதிய விதிக்குத்தான் வலு அதிகம். இந்திய ஹோஸ்ட் என்றால் சட்டமும் பேசும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, இடைநிலையாளர் (பிறர் போடும் தகவலை வைத்திருக்கும் அல்லது கடத்தும் நிறுவனம்) என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே வெப் ஹோஸ்டிங் நிறுவனங்களைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2021-இன் இடைநிலையாளர் விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். அந்தரங்கப் படம், ஆடையில்லாப் படம், உங்களைப் போல நடித்தல், உருமாற்றிய படம் ஆகியவற்றுக்கு, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் விரைந்து நீக்க வேண்டும். விதிகள் வந்தபோது அந்தக் கெடு 24 மணி நேரம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் எழுதும் நாளில் உள்ள வடிவத்தைப் பார்த்துக் கெடுவை எழுதுங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகள் இவை: அந்தரங்க மீறலுக்கு 66இ, வேறொருவர் அடையாளத்தைப் பயன்படுத்துவதற்கு 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி, ஆபாசத்துக்கு 67, வெளிப்படையான பாலியல் காட்சிக்கு 67ஏ. இவற்றைக் குறிப்பிடலாம். 66ஏ-வை மட்டும் எழுதாதீர்கள். உச்ச நீதிமன்றம் அதை 2015-லேயே ரத்து செய்துவிட்டது. அந்தப் பிரிவைப் பார்த்தாலே படிப்பவருக்கு உங்கள் மனுமேல் மரியாதை குறையும்.

ஒரு மாதிரிக் கடிதம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக அனுப்புங்கள்.

> பொருள்: முறைகேடு புகார். அனுமதியின்றித் தனிப்பட்ட விவரமும் படமும் வெளியீடு, மிரட்டல். எக்ஸாம்பிள் டாட் காம், ஐபி எண் (இங்கே எண்).
>
> உங்கள் சர்வரில் உள்ள கீழ்க்காணும் பக்கங்களில் என் படம், கைபேசி எண், வீட்டு இருப்பிடம் ஆகியவை என் அனுமதியின்றி வெளியிடப்பட்டுள்ளன. எனக்கு எதிரான மிரட்டலும் உள்ளது.
>
> 1. பக்கத்தின் முழு முகவரி. முதலில் பார்த்த தேதி, இந்திய நேரம்.
> 2. படக் கோப்பின் முழு முகவரி.
>
> மூல வாசகம், அதன் மொழிபெயர்ப்பு, விளக்கம்: (வரிவரியாக).
>
> இது உங்கள் பயன்பாட்டு விதிகளின் இந்தப் பிரிவை மீறுகிறது: (வாசகம்).
>
> நான் கேட்பது: இந்தப் பக்கங்களையும் படக் கோப்புகளையும் நீக்குங்கள். அந்தக் கணக்கின் பதிவுகளையும் நுழைவு லாகுகளையும் காவல்துறை விசாரணைக்காகப் பாதுகாத்து வையுங்கள். என் விவரங்களை உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காதீர்கள்.
>
> காவல்துறைப் புகார் எண்: (இருந்தால்). ஸ்கிரீன்ஷாட் இணைப்பு.

லாகுகளைப் பாதுகாக்கச் சொல்லும் வரியை விட்டுவிடாதீர்கள். பக்கத்தை ஏற்றியவர் எந்த ஐபி-யிலிருந்து வந்தார் என்பது அங்கேதான் இருக்கும். இந்திய விதிப்படி நீக்கிய உள்ளடக்கத்தையும் அதன் பதிவுகளையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஹோஸ்ட் அதைவிடச் சீக்கிரம் அழித்துவிடலாம்.

அந்தரங்கப் படமே பிரச்சினை என்றால் அதை மின்னஞ்சலில் இணைக்காதீர்கள், லிங்க் போதும். ஸ்கிரீன்ஷாட் தேவைப்பட்டால் படத்தைக் கறுப்பால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

படி 4: பின்தொடர்வது

அனுப்பியதும் டிக்கெட் எண்ணோடு தானியங்கிப் பதில் வரும். அதைக் குறித்து வையுங்கள். இனி எதை அனுப்பினாலும் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகத்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினால் புதுப் புது டிக்கெட்டாகிச் சிதறிவிடும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லோரையும் புகார் கொடுக்கச் சொல்வதும் வேண்டாம். ஒரே பக்கத்துக்கு வரும் நகல் புகார்கள் ஒன்றாகச் சேர்த்து மூடப்படலாம். அதைவிட, அந்தப் பக்கத்தை இதுவரை பார்க்காதவர்களையும் பார்க்க வைத்துவிடுவீர்கள்.

இரண்டு மூன்று நாளில் மனிதர் ஒருவர் எழுதிய பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். "வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால், "பதிலுக்கு எவ்வளவு நாள் கொடுத்திருக்கிறீர்கள், அவர் நீக்காவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல்.

ஹோஸ்ட் அசையாவிட்டால்

ஐபி தேடலில் வந்த நிறுவனம் சில நேரம் மொத்த வியாபாரியாக இருக்கும். அதனிடம் சர்வர் வாங்கிச் சில்லறையாக விற்கும் சின்ன நிறுவனம்தான் நேரடி ஹோஸ்ட். சின்னவர் கண்டுகொள்ளாவிட்டால் பெரியவருக்குப் பழைய டிக்கெட் எண்ணோடு எழுதுங்கள்.

டொமைன் பதிவாளரிடமும் போகலாம், எதற்கு என்று தெரிந்து போக வேண்டும். 2024 ஏப்ரல் 5 முதல் ஐகேனின் ஒப்பந்தம், ஃபிஷிங் (போலித் தளம் போட்டு விவரமோ பணமோ பறிப்பது), தீம்பொருள் போன்றவற்றுக்கு ஆதாரம் கிடைத்தால் பதிவாளர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்கிறது. எடுக்காவிட்டால் ஐகேனிடமே புகார் செய்யலாம். அவதூறும் தனிப்பட்ட படமும் அந்தப் பட்டியலில் வராது, அதற்கு பதிவாளரின் சொந்த விதியைத்தான் நம்ப வேண்டும்.

கூகுள் தேடலிலிருந்து எடுப்பது தனி வேலை, அதை ஹோஸ்டுக்காகக் காத்திருக்காமல் இணையாகச் செய்யுங்கள். அனுமதியின்றி வந்த அந்தரங்கப் படம், தொலைபேசி எண், விலாசம் இவற்றுக்கு கூகுளில் தனிப் படிவங்கள் இருக்கின்றன. தளம் இருந்தாலும், பெயரைத் தேடும்போது அது வராமல் போனால் பாதிச் சுமை இறங்கும். சமூக ஊடகங்களுக்கும் பரவும் என்று பயந்தால் ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. படம் உங்கள் கைபேசியை விட்டு வெளியே போகாது, அதன் ஹாஷ் மட்டும் பங்கேற்கும் நிறுவனங்களுக்குப் போகும். 18 வயதுக்குக் கீழ் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்ற சேவை.

அவதூறு என்றால் வழி கடினம், அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். "இவர் ஊழல்வாதி" என்று ஒரு கட்டுரை வந்தால் உண்மையா பொய்யா என்று ஹோஸ்ட் விசாரிக்காது. 66ஏ-வை ரத்து செய்த அதே 2015 ஸ்ரேயா சிங்கல் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, இந்திய ஹோஸ்டும் நீதிமன்ற உத்தரவு கேட்கலாம். எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும் வழக்குப் போடலாம். முகம் தெரியாத எதிரிக்கு எதிரான அந்த உத்தரவுக்கு நம் நாட்டில் அசோக் குமார் உத்தரவு என்றே பெயர். செலவுக்குப் பயப்படும் பெண்கள் கவனிக்க: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் போய்ப் பாருங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

போலீசுக்கு எப்போது

மிரட்டல், அந்தரங்கப் படம், பணப்பறிப்பு மூன்றிலும் ஹோஸ்ட் புகாரோடு கூடவே போக வேண்டும். மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையம் நாகர்கோவிலில் இருக்கிறது. கொல்லங்கோட்டிலிருந்தோ ஆரல்வாய்மொழியிலிருந்தோ வர முடியாதவர்கள் இணையத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளலாம், பக்கத்து நிலையத்திலும் மனு கொடுக்கலாம். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. மின்னணு வழியில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைத் தேசியத் தளத்தில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் அந்தப் புகாரைப் பிறகு பின்தொடர முடியாது.

ஹோஸ்டின் பெயர், ஐபி எண், டிக்கெட் எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வாடிக்கையாளர் விவரம் கேட்டு நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்ப விசாரணை அதிகாரிக்கு அதுதான் வேண்டும்.

"பணம் கொடுத்தால் பக்கத்தை எடுக்கிறோம்" என்று தளத்திலேயே எழுதியிருந்தால் கொடுக்காதீர்கள். அது பணப்பறிப்பு. அந்த வாசகத்தையும் யுபிஐ எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு சேருங்கள்.

லாட்ஜ், படகு டிக்கெட் போலித் தளங்கள்

சபரிமலை சீசனிலும் புத்தாண்டிலும் கன்னியாகுமரிக்குக் கூட்டம் வருகிறது. அப்போது லாட்ஜின் படத்தையும் பெயரையும் எடுத்துப் போலி முன்பதிவுத் தளம் போடுவது மோசடிக்காரர்களுக்கு எளிது. முன்பணம் கட்டியவர் பெட்டியோடு வந்து நிற்பார், பழி லாட்ஜ்காரர் தலையில் விழும். இங்கே உங்கள் நிலை பலமானது, ஏனென்றால் இது தெளிவான ஃபிஷிங். ஹோஸ்ட், பதிவாளர் இருவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். உங்கள் உண்மைத் தளத்தின் முகவரி, உள்ளாட்சி உரிமம் அல்லது ஜிஎஸ்டி சான்று, இரண்டு தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஸ்கிரீன்ஷாட், பணம் கேட்ட பக்கத்தின் லிங்க் இவற்றை இணையுங்கள். கூகுளின் சேஃப் பிரவுசிங் புகார்ப் பக்கத்திலும் கொடுத்தால் உலாவியிலேயே சிவப்பு எச்சரிக்கை வரக்கூடும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்கலாம். பணம் இழந்த பயணியை அவரே 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள், நீங்கள் அழைத்தால் அவர் கணக்கு விவரம் உங்களிடம் இருக்காது.

நீக்கிய பிறகு

உங்கள் உலாவியில் பழைய பக்கம் சேமிப்பிலிருந்து தெரியலாம். மறைநிலைச் சாளரத்தில், வேறு இணைப்பில் திறந்து பாருங்கள். படக் கோப்பின் தனி முகவரியையும் சோதியுங்கள். ஐகேன் தேடலில் டொமைனின் நிலை கிளையன்ட் ஹோல்ட் என்று மாறியிருந்தால் பதிவாளர் பெயரை முடக்கிவிட்டார் என்று பொருள். கூகுளில் பழைய சுருக்கம் இன்னும் வந்தால் காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் படிவத்தில் லிங்கைக் கொடுங்கள். வேபேக் மெஷினில் யாராவது பிரதி எடுத்திருந்தால் அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்கைவுக்கு எழுதி நீக்கக் கேளுங்கள்.

அதே ஆள் இன்னொரு ஹோஸ்டில் அதே தளத்தை ஏற்றக்கூடும். சில வாரங்களுக்கு உங்கள் பெயரையும் எண்ணையும் தேடிப் பாருங்கள், படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள். மறுபடி வந்தால் ஐபி தேடலிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை முந்தைய ஹோஸ்ட் நீக்கியதற்கான பதில் மின்னஞ்சலை இணைத்து அனுப்புங்கள். இரண்டாவது ஹோஸ்டுக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். புதிய லிங்கை விசாரணை அதிகாரிக்கும் அன்றே தெரிவியுங்கள். வழக்கு முடியும்வரை நீங்கள் எடுத்து வைத்த ஆதாரக் கோப்புகளில் எதையும் அழிக்காதீர்கள்.